நலம் பெறுவோர்க்கு யோகம் ஒரு துணை

(பத்தாம் வகுப்பு மாணவி)

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது ஆன்றோர் வாக்கு. ஆனால் நோய் வந்துவிட்டால் என்ன செய்வது? வந்த நோய் மருத்துவத்தால் விலகிய பின்னும் உடல் தேறாமலும் மனம் தெளியாமலும் ஒருவர் வாடினால் என்ன செய்வது? இந்த இரண்டாவது கேள்வி சென்ற ஆண்டு எங்கள் வகுப்பறைக்கே வந்து நின்றது. அதற்கு விடை தேடி, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஐவர் படித்தவற்றையும், கேட்டவற்றையும், நேரில் கண்டவற்றையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

எங்கள் தோழி ஒருத்தி ஸ்ரீரங்கத்திலிருந்து நாள்தோறும் காவிரிப் பாலம் கடந்து பேருந்தில் பள்ளிக்கு வருபவள். அவளுடைய இரட்டைப் பின்னல் எப்போதும் அளவெடுத்துப் பின்னியதுபோல் இருக்கும். ஒன்பதாம் வகுப்பின் நடுவில் ஒருநாள் அது கோணல்மாணலாக வந்தது. மறுநாளும் அப்படியே. நாங்கள் கேலி செய்தோம். அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் வகுப்பாசிரியையாகிய சிஸ்டர் எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார்கள். அவளுடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. ஆகவே அவளுக்குத் தலை பின்னிவிட வீட்டில் ஆளில்லை. நாங்கள் வெட்கித் தலை குனிந்தோம். அன்று முதல் காலை மணி அடிப்பதற்கு முன் எங்களில் ஒருத்தி அவளுக்குப் பின்னிவிடுவது வழக்கமாயிற்று.

அந்த அம்மாவின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறோம். "என் பெயர் வேண்டாம், ஆனால் நடந்ததை எழுதுங்கள். நாலு பேருக்கு உதவும்" என்று அவர்களே சொன்னார்கள்.

நோயும் சிகிச்சையும்

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. அவை ஓர் ஒழுங்குக்கு உட்பட்டுப் பிரிகின்றன. வேண்டிய அளவு பெருகியதும் நின்றுவிடுகின்றன. இந்த ஒழுங்கை மீறிச் சில உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, அக்கம் பக்கத்துத் திசுக்களுக்குள் நுழைந்து, இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் வேறு இடங்களுக்குப் பரவுவதையே புற்றுநோய் என்கிறோம். இது தொற்றுநோய் அன்று. நோயாளியின் கையைத் தொடுவதாலோ, அவரோடு அமர்ந்து உண்பதாலோ இது பிறருக்கு ஒட்டாது. இதை அறியாமல் சிலர் அந்த வீட்டுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார்கள் என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம்.

இந்நோய்க்கு முக்கியமான சிகிச்சைகள் மூன்று: கட்டியை வெட்டியெடுக்கும் அறுவைச் சிகிச்சை, கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சை, கதிர்வீச்சுச் சிகிச்சை. நோயின் வகைக்கும் நிலைக்கும் ஏற்ப ஒன்றையோ பலவற்றையோ மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இவை உயிரைக் காப்பவை. எனினும் உடலைக் களைப்படையச் செய்பவை. கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. முடியின் வேர், வாயின் உட்பூச்சு, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றிலுள்ள நல்ல உயிரணுக்களும் வேகமாகப் பிரிபவையே. ஆகவே முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, வெள்ளணுக்கள் குறைகின்றன. கதிர்வீச்சோ பல வாரங்கள் தொடரக்கூடியது. நாளாக ஆக அயர்ச்சி மிகுகிறது. இந்த அயர்ச்சி வேலை செய்து களைத்தவனுக்கு வரும் அசதி போன்றதன்று. படுத்துத் தூங்கி எழுந்தாலும் தீர்வதில்லை.

எங்கள் தோழியின் அம்மாவுக்கு மார்பிலும் அக்குளிலும் அறுவை நடந்தது. கையை அசைத்தால் தையல் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி, ஆறிய பின்னும் அசைக்காமலே வைத்திருந்ததில் தோள் இறுகிவிட்டது. கொடியில் புடவை உலர்த்த முடியவில்லை. பரணிலிருந்து ஒரு பாத்திரம் எடுக்க முடியவில்லை. இரவில் தூக்கமும் இல்லை. "திரும்ப வந்துவிடுமோ" என்ற ஒரே எண்ணம் விடியும்வரை வாட்டியது.

அடையாறு தந்த நம்பிக்கை

புற்றுநோய் என்றாலே மரணம் என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அந்த எண்ணத்தை மாற்றப் பாடுபட்டவர்களுள் ஒருவர் நம் திருச்சிக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே, இந்நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற உறுதியை அவருக்குத் தந்தது. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனைப் பேணி வளர்த்தார்கள். சாந்தா அம்மையார் 2005இல் மகசேசே விருது பெற்றார். 2021இல் மறையும்வரை அந்நிறுவனத்தையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார். நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பலரைக் குணப்படுத்த முடியும் என்பதே அவர் ஓயாமல் எடுத்துரைத்த செய்தி.

குணமடைவோர் பெருகப் பெருகப் புதியதொரு கேள்வி எழுந்தது. உயிர் பிழைத்தவர் நன்றாக வாழ வேண்டாமா? இழந்த வலிமையும் உறக்கமும் மன அமைதியும் திரும்ப வேண்டாமா? இங்கேதான் யோகம் துணைக்கு வருகிறது.

யோகமும் நம் ஊரும்

யோகம் என்னும் சொல்லுக்கு இணைத்தல் என்பது பொருள். உடல், மூச்சு, மனம் மூன்றையும் ஒருங்கிணைப்பதே அதன் வேலை. ஆசனம் உடலுக்கும், பிராணாயாமம் மூச்சுக்கும், தியானம் மனத்துக்கும் பயிற்சி. தமிழில் திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு அங்கங்களையும் விரித்துரைக்கிறது. திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்தவரும் ஸ்ரீரங்கத்தோடு நெருங்கிய தொடர்புடையவருமான நாதமுனிகளை வைணவ மரபு பெரிய யோகியாகப் போற்றுகிறது. அவர் வழிவந்த குடும்பத்தினராகத் தம்மைக் கருதியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). நூறாண்டு வாழ்ந்த அவர், ஆசனத்துக்கு மனிதனை வளைக்காமல் மனிதனுக்கு ஏற்றவாறு ஆசனத்தை மாற்றவேண்டும் என்று கற்பித்தார். முதியவருக்கும் நோயாளிக்கும் யோகம் பயன்படுவதற்கு இக்கொள்கையே வாயிலாயிற்று. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவினார்.

யோகத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்கும் முயற்சியும் நம் நாட்டில் பழமையானதே. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் 1924ஆம் ஆண்டு சுவாமி குவலயானந்தர் தொடங்கிய கைவல்யதாமம் அதற்கு எடுத்துக்காட்டு.

"கத்தோலிக்கப் பிள்ளைகள் யோகம் பழகலாமா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "குளித்தலைக்குப் பக்கத்தில் காவிரிக் கரையிலேயே விடை இருக்கிறதே!" என்றார்கள். அங்கே தண்ணீர்ப்பள்ளியில் 1950ஆம் ஆண்டு குருக்கள் மோன்ஷானினும் லெ சோவும் சாந்திவனம் என்ற ஆசிரமத்தை அமைத்தார்கள். 1968இல் அங்கு வந்த குரு பீட் கிரிஃபித்ஸ், 1993இல் இறக்கும்வரை அங்கேயே செபத்திலும் தியானத்திலும் வாழ்ந்தார். "முதுகை நேராக வைத்து நிதானமாக மூச்சு விடுவதற்கு மதம் இல்லை. அந்த அமைதியில் அவரவர் தம் இறைவனை நினைக்கட்டும்" என்று சிஸ்டர் முடித்தார்கள்.

ஆராய்ச்சிகள் கூறுவது

யோகம் நன்மை தரும் என்று வாயால் சொன்னால் போதுமா? அறிவியல் சான்று கேட்கும் அல்லவா? நாங்கள் அறிந்த மூன்று ஆய்வுகளைக் கூறுகிறோம்.

2013ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தும் தூக்கமின்றித் தவித்த 410 பேர் பங்கேற்றனர். ஒரு பாதியினர் நான்கு வாரங்கள், வாரம் இருமுறை, 75 நிமிடம் மென்மையான யோகம் பழகினர். பழகாதவர்களைவிட அவர்களுக்குத் தூக்கம் சீரடைந்தது. தூக்க மாத்திரையின் தேவையும் குறைந்தது.

2014இல் வெளிவந்த ஒஹையோ ஆய்வில், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 200 பெண்கள் சேர்ந்தனர். 12 வாரம் யோகம் பழகியவர்களுக்கு, பயிற்சி முடிந்து மூன்று மாதங்கள் கழித்துச் சோதித்தபோது அயர்ச்சி குறைந்திருந்தது. உடலில் அழற்சியைக் காட்டும் பொருள்களும் குறைந்திருந்தன.

அதே ஆண்டில் ஹூஸ்டன் நகரப் புற்றுநோய் மருத்துவமனையும் பெங்களூரு விவேகானந்த யோக ஆராய்ச்சி நிறுவனமும் கூடிச் செய்த ஆய்வு வெளியாயிற்று. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற 163 பெண்கள் மூன்று குழுக்களாயினர். ஒரு குழு யோகமும், மற்றொன்று வெறும் நீட்டல் பயிற்சியும் வாரம் மும்முறை ஆறு வாரம் செய்தன. மூன்றாம் குழு எதுவும் செய்யவில்லை. யோகம், நீட்டல் இரண்டிலுமே அயர்ச்சி குறைந்தது. ஆயினும் அன்றாட வேலைகளைச் செய்யும் ஆற்றல் யோகக் குழுவினருக்கே கூடுதலாக முன்னேறியது.

இவற்றுள் ஓர் ஆய்வுகூட யோகத்தால் கட்டி கரைந்தது என்று கூறவில்லை என்பதை வாசகர்கள் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டும். தூக்கம், அயர்ச்சி, பதற்றம், உடலின் இயக்கம் இவற்றில்தான் யோகம் உதவுகிறது.

எப்படி உதவுகிறது? அமைதியாக இருக்கும்போது வயது வந்தவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அச்சம் வந்தால் மூச்சு மேலோட்டமாகி வேகம் கூடும், நெஞ்சு படபடக்கும். மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விட்டால், மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் என்னும் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. மனத்துக்கு நேரே கட்டளையிட்டால் அது கேட்பதில்லை; மூச்சின் வழியாகச் சென்றால் சற்றே இணங்குகிறது.

ஒரு தவறான பேச்சு

இனி, எங்கள் நெஞ்சை நடுங்க வைத்த நிகழ்ச்சிக்கு வருவோம். கீமோதெரபி முடிந்து கதிர்வீச்சு நடந்துகொண்டிருந்த சமயம். உறவினர் ஒருவர் வந்து, "ஏன் உடம்பைக் கருக்கிக்கொள்கிறாய்? மூச்சுப் பயிற்சியாலேயே புற்றைப் போக்கிவிடலாமாம். கதிர்வீச்சை நிறுத்திவிடு" என்றாராம். ஏற்கெனவே சோர்ந்திருந்த அம்மாவுக்கு அந்தச் சொல் தேனாக இனித்தது. மூன்று நாள் மருத்துவமனைக்குப் போகவில்லை. தோழி எங்களிடம் வந்து அழுதாள். யோகம் நல்லது என்று அவளிடம் சொல்லியிருந்தவர்கள் நாங்களே! என்ன செய்வதென்று தெரியாமல் சிஸ்டரிடம் ஓடினோம். "வீட்டில் சண்டை போட வேண்டாம். அப்பாவையும் அழைத்துக்கொண்டு மூவரும் போய் டாக்டரையே கேளுங்கள்" என்றார்கள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லையாம். "அம்மா, யோகா தாராளமாகச் செய்யுங்கள். அதனால் உங்களுக்குத் தெம்பு வரும். ஆனால் கதிர்வீச்சுக்குப் பதிலாகச் செய்யாதீர்கள், அதோடு சேர்த்துச் செய்யுங்கள்" என்றாராம். என்னென்ன அசைவுகள் செய்யலாம், எவை கூடாது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். மறுநாளே சிகிச்சை தொடர்ந்தது.

அந்த அறிவுரை எவ்வளவு பெரியது என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். 2018ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று, பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு முறையான சிகிச்சையை விட்டு மாற்று முறைகளை மட்டுமே நாடிய 281 பேரை, முறையான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டது. சிகிச்சையை விட்டவர்களுக்கு இறப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. துணையாக வரவேண்டியதை வழிகாட்டியாகக் கொண்டால் விளைவது இதுதான்.

நாங்கள் கண்ட வகுப்பு

ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முறையாக யோகம் கற்றவர், தம் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு நடத்துகிறார். டாக்டரின் சீட்டைப் பார்த்த பிறகே அவர் யாரையும் சேர்த்துக்கொள்வார். எங்கள் தோழியின் அம்மா அங்கே சேர்ந்தார். அனுமதி பெற்று நாங்களும் ஒரு மூலையில் அமர்ந்து பார்த்தோம்.

தலைகீழாக நிற்பதையும் உடலை முறுக்குவதையும் எதிர்பார்த்துப் போன எங்களுக்கு ஏமாற்றந்தான்! ஏழு பேரில் நால்வர் நாற்காலியில் அமர்ந்திருந்தனர். முதலில் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தனர். பிறகு கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் என்று மூட்டுகளை மெல்ல அசைத்தனர். மூச்சை இழுக்கும்போது கையை உயர்த்துவதும், விடும்போது இறக்குவதுமாக ஐந்து முறை. அடுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு தாடாசனம். கடைசியில் முழங்காலின் கீழே தலையணை வைத்துப் பதினைந்து நிமிடம் சவாசனம். காவிரிப் பக்கமிருந்து காற்று வர, ஒருவர் குறட்டை விட்டே தூங்கிவிட்டார். "அவரை எழுப்பாதீங்க. பத்து நாளாத் தூக்கமில்லைன்னு சொன்னவர்" என்றார் ஆசிரியை.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: "வலிக்கிற இடம் வரைக்கும் போகாதீங்க. அதுக்கு ஒரு விரற்கடை முன்னாடியே நிறுத்திடுங்க. நாளைக்கு அந்த இடம் தானே தள்ளிப்போகும்."

அம்மாவுக்கென்று தனியாக ஒரு பயிற்சி உண்டு. சுவரோடு நின்று, விரல்களால் சுவரில் எறும்பு ஏறுவதுபோல் மெல்ல ஏறவேண்டும். எட்டிய இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு. முதல் கோடு அவர்களுடைய தோளுக்குக் கீழே இருந்தது. ஒரு வாரம் கோடு அசையவே இல்லை. ஒரு வாரம் சளிக்காய்ச்சலால் கீழிறங்கியது கூட உண்டு. ஆனாலும் மாதங்கள் செல்லச் செல்ல அது கழுத்துக்கு வந்தது; காதுக்கு வந்தது; எங்கள் அரையாண்டுத் தேர்வின்போது தலைக்கு மேலே போயிற்று.

நினைவில் கொள்ள வேண்டியவை

நோயிலிருந்து தேறுவோர் யோகம் தொடங்குமுன் அறிய வேண்டியவற்றைக் கீழே தருகிறோம்.

1. சிகிச்சையளிக்கும் டாக்டரின் ஒப்புதலின்றித் தொடங்கலாகாது. அறுவைக்குப் பின் எப்போது தொடங்கலாம் என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

2. அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவருக்குக் கை வீங்கக்கூடும். அக்கையில் திடீரென்று உடலின் பாரத்தை ஊன்றக் கூடாது. வீக்கமோ சிவப்போ கண்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

3. எலும்பில் நோய் பரவியவர், எலும்பு மெலிந்தவர் ஆகியோர் முதுகை வளைக்கும், முறுக்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்.

4. வெள்ளணுக்கள் குறைந்துள்ள நாள்களில் கூட்டத்தில் சேராமல் வீட்டிலேயே மூச்சுப் பயிற்சி செய்வது நலம்.

5. வேகமாக மூச்சுவிடும் பயிற்சிகளும், மூச்சை நெடுநேரம் அடக்குவதும், தலைகீழ் ஆசனங்களும் இவர்களுக்கு ஏற்றவை அல்ல.

6. மருந்தை நிறுத்தச் சொல்லும் எவரும் நல்ல யோக ஆசிரியர் ஆகமாட்டார்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் தோழியின் அம்மா மார்பில் கட்டி இருப்பதை அறிந்தும், வெட்கத்தால் நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லையாம். "அந்த நாலு மாதத்தை இப்போது கேட்டால் யார் திருப்பித் தருவார்கள்?" என்று எங்களிடம் வருந்தினார்கள். கட்டி தென்பட்டால் மறைக்காதீர்கள். வலியில்லை என்பதால் அசட்டையாகவும் இராதீர்கள்.

முடிவுரை

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர், மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர். இந்நால்வருள் அவர் முதலில் வைப்பது நோயாளியை! மருத்துவர் அறுக்கிறார், மருந்து நோயைத் தாக்குகிறது, வீட்டார் பேணுகிறார்கள். படுத்திருக்கும் நோயாளி தம் பங்குக்கு என்ன செய்வது? யோகம் அவர் கையில் ஒரு வேலையைக் கொடுக்கிறது. அவர் தம் மூச்சைத் தாமே ஆள்கிறார். தம் கையைத் தாமே ஒரு விரற்கடை உயர்த்துகிறார். மற்ற மூவரின் வேலையை அது செய்யாது. தன் வேலையைச் செவ்வனே செய்யும். நாங்கள் கற்ற பாடம் இதுவே.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, வழக்கம்போல் சீப்போடு காத்திருந்தோம். தோழி வந்தாள். இரட்டைப் பின்னல் பழையபடி அளவெடுத்ததுபோல் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் சற்றே தளர்ந்திருந்தது. "அம்மா பின்னினாங்க. நடுவிலே ரெண்டு தடவை கையை இறக்கி மூச்சு வாங்கிக்கிட்டாங்க" என்றாள். தளர்ந்திருந்ததைச் சரிசெய்ய வந்த எங்கள் கையை அவள் விடவில்லை. நாங்களும் சீப்பைப் பைக்குள் வைத்துவிட்டோம்.

நோயுற்றோர் அனைவரும் தக்க சிகிச்சையும் தக்க துணையும் பெற்று நலமடைய இறைவனை வேண்டுவோம். நம் வீட்டருகே அப்படி ஒருவர் இருந்தால் இன்றே சென்று பார்ப்போமாக!